ஒரு ஆங்கிலச் சொல்லால் போன 165,000 ரூபா

போன மாதம் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் புதிதாக நாலு அறை கட்டித் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி, வெளிநாட்டு ஏஜென்ட் ஒருவருக்கு அனுப்பப்போகும் ஆங்கில மெயிலைக் கொண்டுவந்து “அண்ணை, ஒருக்கால் பாருங்கோ, சரியா இருக்கா?” என்று கேட்டார். புறாமலைத் தீவுக்குப் போகிற படகுகளைப் பற்றி அதில் ஒரு வரி. ‘ஆவர் போட்ஸ் ஆர் ஸ்வாம்ப்ட் எவ்ரி மோர்னிங்.’ ஒவ்வொரு நாளும் காலையில் படகுக்கு ஆட்கள் நெருக்கியடிக்கிறார்கள் என்று அவர் சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் படகோடு சேர்த்து ‘ஸ்வாம்ப்ட்’ என்ற சொல்லைப் படிக்கிறவருக்கு, தினமும் காலையில் எங்கள் படகுகளுக்குள் கடல் தண்ணீர் ஏறி நிரம்புகிறது என்றுதான் விளங்கும். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே பிழையை 2017இல் நான் செய்து, காசும் போய், மூன்று வாரம் தூக்கமும் போய், யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு யாராவது ஒருவர் முன்னுக்கே சொல்லியிருந்தால் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

உப்புவெளியில் அப்பாவின் வீட்டைத் திருத்தி ஆறு அறைகளாக்கி கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். என்னுடைய ஆங்கிலம் பேப்பர் படித்து வந்த ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தாலும், சொற்களைப் பிடித்தது தலைப்புச் செய்திகளிலிருந்துதான். விலை ‘சோர்’ பண்ணும், ரூபா ‘பிளஞ்ச்’ ஆகும், பொலிஸ் சந்தேக நபரை ‘கிரில்’ பண்ணும், அதாவது விலை பறக்கும், ரூபா தலைகுப்புற விழும், பொலிஸ் ஆளை வறுத்தெடுக்கும். இப்படித் துள்ளுகிற வினைச்சொல் போட்டால்தான் ஆங்கிலம் உயிரோடு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ‘வீ ஹேவ் மெனி கெஸ்ட்ஸ்’ என்று எழுதுவது எனக்குச் சின்னப்பிள்ளை எழுத்து மாதிரிப் படும்.

அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு பயண ஏஜென்ட் முதல் தரமாக எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஜூன் 4 பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவத் திருநாள். அதையொட்டி அங்கே தெற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஜூன் 8 தொடக்கம் ஐந்து இரவு, ஆறு அறையும், பதினொரு பேரும் ஒரு வழிகாட்டியும். அறைக்கு 6,500 ரூபா வீதம் 195,000 ரூபா. எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது பெரிய காசு. மனைவியும் மகளும் அந்த நேரம் மட்டக்களப்பில், மாமிக்குச் சுகமில்லை என்று போய் நின்றார்கள். சமையலுக்கு ஒரு அக்கா வருவார், மற்றதெல்லாம் நான்தான்.

மே 25, 26இல் தென்மேற்கில் கொட்டிய மழையை இலங்கையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி எல்லாம் வெள்ளமும் மண்சரிவும். 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வரும்போது காய்ந்துபோய்த்தான் வரும். கச்சான் காற்று என்போம். அது அடித்தால் முற்றம் முழுக்கப் புழுதி, கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். எங்கள் மழை வாடைக் காற்றோடு கார்த்திகை, மார்கழியில்தான் வரும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு அந்த வாரம் ஒரு சொட்டுக் கூட விழவில்லை. அந்தப் பக்கத்துக் கடற்கரைகளுக்குப் போகவிருந்தவர்கள் எல்லாரும் கிழக்குப் பக்கம் திரும்பினார்கள், என்னுடைய போன் ஓயவே இல்லை. வந்த நம்பர்களை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தேன். ஜூன் 8இலிருந்து 13 வரை கேட்ட அத்தனை பேருக்கும் ‘இடமில்லை’ என்று சொன்னேன், அது முழுக்க ஜெர்மன் குழுவுக்கு என்று வைத்திருந்தபடியால்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ஏஜென்ட் அம்மாவிடமிருந்து மூன்று வரி மெயில். இலங்கைச் செய்தியைப் பார்த்தோம், உங்கள் பக்கம் நிலைமை எப்படி, எங்கள் குழுவுக்கு எல்லாம் சரிதானே என்று. நான் அதை ஞாயிறு இரவுதான் திறந்தேன், அதுவும் போனில், ஒரு கையால் இன்னொருவருக்குப் பதில் அனுப்பிக்கொண்டு. ‘குழுவுக்கு எல்லாம் சரிதானே’ என்ற கடைசித் துண்டு மட்டும்தான் கண்ணில் பட்டது. அறையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு எவ்வளவு கிராக்கி என்று அவருக்குத் தெரியட்டும், அப்போதுதான் அடுத்த தரம் விலையைக் குறைக்கக் கேட்கமாட்டார் என்றும் உள்ளுக்குள் ஒரு எண்ணம். முதலில் அடித்தது ‘வீ ஆர் ஃபிளடட் வித் கால்ஸ்’, அழைப்புகள் வெள்ளமாக வருகின்றன என்று. பிறகு ‘வித் கால்ஸ்’ என்பதைப் பார்த்தேன். வசனம் நீளமாகத் தெரிந்தது. விரலால் அழித்தேன். கடைசியில் போனது இதுதான்: ‘வீ ஆர் ஃபிளடட் ஹியர். பட் டோன்ட் வொரி, வீ வில் மேனேஜ் ஃபார் யுவர் குரூப்.’

தமிழில் திருப்பிப் பாருங்கள். நாங்கள் இங்கே வெள்ளத்தில் இருக்கிறோம், ஆனால் கவலைப்படாதீர்கள், உங்கள் குழுவுக்கு எப்படியாவது சமாளிப்போம். ஒரு நாட்டில் வெள்ளம் வந்து இருநூறு பேர் செத்த செய்தி ஓடும் வாரத்தில், அந்த நாட்டிலிருந்து இப்படி ஒரு பதில் போனால் யார் பதினொரு பேரை ஏற்றி அனுப்புவார்கள்?

திங்கள் பதில் இல்லை. செவ்வாய், மே 30, ரத்து மெயில் வந்தது. எங்கள் ஒப்பந்தப்படி பதினான்கு நாளுக்குள் ரத்துச் செய்தால் பாதிக் காசு எனக்கு வரவேண்டும், அதாவது 97,500. ஆனால் இயற்கை அனர்த்தம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் கடமை இல்லை என்று ஒரு பிரிவு. உங்கள் இடம் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதாக நீங்களே எழுத்தில் அறிவித்திருக்கிறீர்கள், ஆகவே அந்தப் பிரிவின் கீழ் ரத்துச் செய்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கடைசி வரிதான் என்னை உடைத்தது. நீங்களும் குடும்பமும் பாதுகாப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறோமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்து முற்றத்தைப் பார்த்தேன். வேப்பஞ்சருகு காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. துவாயில் புழுதி. கிணற்று வாளிக்கயிறு எட்டாமல் போய் அதற்கு முதல் நாள்தான் ஒரு பாகம் கயிறு கூட்டிக் கட்டியிருந்தேன்.

அதோடு நான் இன்னொரு பிழையும் செய்தேன். உடனே உட்கார்ந்து நீளமாக ஒரு மெயில் எழுதினேன். ‘ஃபிளடட்’ என்றால் வெள்ளம் இல்லை, அது பேச்சு வழக்கு, ஆட்கள் நிறையப் பேர் என்று பொருள், அகராதியில் பாருங்கள் என்றெல்லாம். இப்போது அதைப் படித்தால், காசு போகிறதென்று தெரிந்த பிறகு கதையை மாற்றுகிற ஒருவன் எழுதியது மாதிரித்தான் இருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்தால் சொல்லை விளக்கப் போகாதீர்கள். முதலில் படத்தை அனுப்புங்கள். நான் அதைச் செய்தது அடுத்த நாள்தான், கேட், முற்றம், கிணறு, கடற்கரை, அறைகள் என்று ஏழு படம், இரண்டில் அன்றைய பேப்பரின் திகதி தெரியும்படி பிடித்து. படம் போன பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து மனுஷக் குரலில் பதில் வந்தது.

அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உவர்மலைக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், என் அண்ணாவுக்குப் படிப்பித்தவர். மெயிலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார். “தம்பி, ‘வித்’ எங்கே?” என்றார். ‘வித் கால்ஸ்’ என்று எழுதி அழித்ததைச் சொன்னேன். “அதுதானே தம்பி வேலி. வேலியைப் பிடுங்கிப்போட்டு மாடு மேயுது எண்டால் என்ன செய்யிறது?” என்றார். அவர் சொன்னது இதுதான். ‘ஃபிளடட் வித் கால்ஸ்’ என்றால் அழைப்புகள் தண்ணீர் ஆகமுடியாது, அதனால் படிக்கிறவர் தானாகவே உருவகத்துக்கு மாறிக்கொள்வார். அழைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீர் மட்டும்தான். தமிழிலும் அப்படித்தானே என்று சேர் ஒரு உதாரணம் சொன்னார். கோணேசர் கோயில் தேருக்குப் பக்தர் வெள்ளம் என்று பேப்பரில் போட்டால் யாரும் குடையைத் தேடமாட்டார்கள், ஏனென்றால் பக்தர் என்ற சொல் பக்கத்தில் நிற்கிறது. கோணேசர் கோயிலடியில் வெள்ளம் என்று மட்டும் போட்டால் ஊரே பதறும்.

அதோடு இன்னொன்றும் சொன்னார், எனக்கு அது பெரிய வெளிச்சம். ஆங்கிலத்தில் ‘தாங்கமுடியாத அளவு நிறைய’ என்று சொல்ல இருக்கிற வினைச்சொற்களில் எத்தனையோ தண்ணீரிலிருந்து வந்தவை. ஃபிளடட், ஸ்வாம்ப்ட், டெலூஜ்ட், இனண்டேட்டட், டிரௌனிங். ‘இனண்டேட்’ என்பதற்குள் அலை என்று பொருள்படும் லத்தீன் சொல் இருக்கிறது. ‘ஓவர்வெல்ம்’ என்று நாங்கள் சாதாரணமாகப் போடுகிற சொல் கூட, கவிழ்ப்பது என்று பொருள்தரும் பழைய சொல்லிலிருந்து வந்ததாம். எங்களிடம் ‘தலைக்கு மேலே வேலை’ என்று இருக்கிறது, ‘மூச்சுவிட நேரமில்லை’ என்று இருக்கிறது, ‘தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன’ என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் கடற்கரையில் இருந்துகொண்டு, படகும் அறையும் விற்கிறவன், இந்தத் தண்ணீர்ச் சொற்களை எழுதும்போது அவை எந்த நேரமும் தங்கள் சொந்தப் பொருளுக்குத் திரும்பிவிடலாம். தலைப்புச் செய்தியில் அந்தத் துள்ளல் ஏன் என்றும் கேட்டேன். பேப்பரில் இடம் ஒடுக்கம், அதனால் குட்டையான, அடிக்கிற சொல்லாகப் பார்த்துப் போடுவார்கள், கீழே முழுச் செய்தியும் இருக்கிறது விளக்க, உன் மெயிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நானே எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இதை எல்லாருக்கும் சொல்லுவேன். ஒரு துள்ளுகிற வினைச்சொல் எழுதியதும் கண்ணை மூடி, இந்த இடத்தில், இந்த மாதத்தில், இது உண்மையாகவே நடக்கக்கூடியதா என்று பாருங்கள். நடக்கவே முடியாதென்றால் பயமில்லை. நுளம்பு எங்களை உயிரோடு தின்றுவிட்டது என்று ஒரு வெள்ளைக்காரர் எங்கள் விருந்தினர் புத்தகத்தில் எழுதியிருக்கிறார், தின்னப்பட்டவர் எழுதமுடியாது, அதனால் யாருக்கும் குழப்பமில்லை, நான் வலை வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான். விலை பறக்கிறது என்றால் சரி, விலைக்குச் சிறகில்லை. கூரை பறந்தது என்றால் சரியில்லை, எங்கள் ஊரில் கூரை பறக்கும். ஃபிளட், ஸ்வாம்ப், சிங்க், பேர்ன், எக்ஸ்ப்ளோட், அட்டாக், அதாவது வெள்ளம், தண்ணீர் ஏறுவது, மூழ்குவது, எரிவது, வெடிப்பது, தாக்குவது, இவையெல்லாம் நடக்கக்கூடியவை. ஏஸி ‘எக்ஸ்ப்ளோட்’ ஆகிவிட்டது என்று இன்ஷூரன்சுக்கு எழுதினால், வெடிப்பு என்று ஒரு தனி வகைக்குள் அது போய் விழும். வெறுமனே நின்றுபோனது என்றால் நின்றுபோனது என்றே எழுதுங்கள். தண்ணீர், நெருப்பு, சாவு, வருத்தம், காசு, பொலிஸ், இந்த ஆறு விஷயத்திலும் நான் இப்போது உருவகமே போடுவதில்லை.

வெள்ளிக்கிழமை, ஜூன் 2, ஏஜென்ட் அம்மா போன் பண்ணினார். நல்ல மனுஷி. அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். என்னுடைய வரியை அவருடைய அலுவலகத்தில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டிருக்கிறார்கள், வெள்ளத்தில் மூழ்கியிருக்கிறோம் என்றே வந்திருக்கிறது. செயலியைக் குறைசொல்ல முடியாது, நான் எழுதியது அதுதானே. குழுவை ஹபரணைக்கும் கண்டிக்கும் மாற்றி அங்கே காசும் கட்டிவிட்டார்கள், திருப்ப முடியாது என்றார். நான் அழுகிற நிலையில் இருந்தேன், ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. 2004 சுனாமியில் ஜெர்மனியைச் சேர்ந்தவர்கள் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் தாய்லாந்தில் விடுமுறைக்குப் போனவர்கள். அப்படி ஒரு நாட்டில் பயண ஏற்பாடு செய்கிறவர் ‘சமாளிப்போம்’ என்ற சொல்லை நம்பி ஆட்களைக் கடற்கரைக்கு அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது.

சமையலுக்கு வருகிற அக்காவிடம் அன்று இரவு நடந்ததைச் சொன்னேன். இங்கே வெள்ளம் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன் அக்கா, அதுதான் வரமாட்டார்களாம் என்று. அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. அவருடைய வீடு நிலாவெளிப் பக்கம், டிசம்பர் 26 காலை கடல் அதைக் கொண்டுபோனது, அவருடைய தங்கச்சியையும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, அந்தச் சொல்லை விளையாட்டுக்கும் எழுதாதேங்கோ” என்றார். மீனைத் தண்ணீரில் அலசத் தொடங்கினார். சேர் சொன்ன இலக்கணத்தைவிட இது எனக்குள் ஆழமாக இறங்கியது. ‘சுனாமி ஆஃப் புக்கிங்ஸ்’ என்று இந்தத் தொழிலில் சிலர் எழுதுவதை இப்போதும் பார்க்கிறேன். இந்தக் கரையில் இருந்துகொண்டு அப்படி எழுதாதீர்கள். படிக்கிறவருக்கு விளங்கினாலும் எழுதாதீர்கள்.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொப்பியில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் திருப்பி எடுத்தேன், ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு. முக்கால்வாசிப் பேர் வேறு இடம் பிடித்துவிட்டார்கள். இரண்டு அறை, மூன்று இரவு, 5,000 ரூபா வீதம் 30,000 வந்தது. ஆக 165,000 நட்டம். அதைவிட, அவர்களுடைய கணினியில் எங்கள் பெயருக்கு நேரே ‘வெள்ளப் பாதிப்பு’ என்று ஏறியிருந்தது, யூலை மாத விற்பனையையும் நிறுத்திவைத்திருந்தார்கள். அதை எடுக்க ஜூன் 22 வரை போனது. காலையில் எழும்பியதும் மெயில் பார்ப்பது, படம் அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பது. வீட்டில் பேச ஆளில்லை, மனைவிக்குப் போனில் சொல்லவும் மனமில்லை, அங்கே அவருக்கு மாமியின் வருத்தம். சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்போது நான் மெயில் எழுதும் விதம் மாறிவிட்டது. வந்த மெயிலை மேலிருந்து கீழ்வரை படித்து, கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே பதில். வினைச்சொல் காட்டவேண்டிய கூட்டத்தை எண் காட்டட்டும்: ஆறு அறையும் ஜூன் 6 வரை நிரம்பிவிட்டது, உங்களுடைய ஆறும் 8ஆம் திகதிக்கு உறுதி. இதில் கிராக்கியும் தெரிகிறது, பயமும் இல்லை. ‘வீ வில் மேனேஜ்’ என்பதைக் கையால் தொடுவதில்லை, அது எங்கள் காதுக்கு நம்பிக்கை, அவர்கள் காதுக்கு ஆபத்து. பிறகு செயலியில் போட்டு ஜெர்மனுக்கோ பிரெஞ்சுக்கோ மாற்றி, அதைத் தமிழுக்குத் திருப்பிப் பார்ப்பேன். தமிழில் படிக்கும்போது நெஞ்சு திடுக்கிட்டால் அந்த வரியை மாற்றுவேன். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். முக்கியமான மெயிலை இரவில் போனில் அனுப்புவதே இல்லை, காலையில் கணினியில்தான். அழகான வினைச்சொல்லை நான் விட்டுவிடவில்லை. எங்கள் இடத்தைப் பற்றி எழுதும்போது, சுவாமி மலையிலிருந்து பார்த்தால் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரியும் என்று எழுதுகிற இடத்தில், அலையும் காற்றும் எப்படித் துள்ளினாலும் சரி. கணக்கும் திகதியும் போகிற கடிதத்தில் மட்டும் வேண்டாம்.

அந்த மார்கழியில் மூன்று நாள் விடாமல் வாடை மழை பெய்தது. உண்மையாகவே ஒழுங்கையில் தண்ணீர். அதே அம்மா, பெப்ரவரிக்கு ஒரு குடும்பம் கேட்கிறது, நிலைமை எப்படி என்று எழுதியிருந்தார். மகளின் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டடிக்குப் போய் அளந்தேன். பிறகு உள்ளே வந்து எழுதினேன். இன்று காலை எட்டு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் 20 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. அறைகளுக்குள் தண்ணீர் இல்லை. பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது. பெப்ரவரி 11க்கு நான்கு அறைகள் இருக்கின்றன. இரண்டு படமும் சேர்த்தேன். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது, நான்கையும் வைத்திருக்கச் சொல்லி.